ஐந்து பேர் ப்ராஜெக்ட், ஒருத்தர் லேப்டாப்

பி.காம் மூன்றாமாண்டு மாணவர்களின் குரூப் ப்ராஜெக்டுக்குப் பல வருடங்களாக கைடாக இருக்கிறேன். ஐந்து பேர் ஒரு குழு. முதல் ரிவ்யூவில் நான் தவறாமல் கேட்பது, "மூன்றாவது அத்தியாயம் யார் எழுதினது?" ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் நான்கு பேருடைய பார்வையும் ஐந்தாவது ஆள் மேல் போய் நிற்கும். லேப்டாப் வைத்திருப்பது அவர்தான்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி அளந்து பார்த்தார். அந்த ஆய்வு 1913இல் வெளிவந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுத்தால் காட்டும் பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் ஆளுக்கு ஆள் காட்டியிருந்தார்கள். 1979இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் மாணவர்களைக் கைதட்டவும் சத்தம் போடவும் சொல்லி இதையே வேறு விதமாகக் கண்டார்கள். அதே மூவரும் 1981இல் வெளியிட்ட அடுத்த ஆய்வுதான் ஆசிரியர்களுக்கு முக்கியம். யார் எவ்வளவு செய்கிறார் என்பது தனித்தனியாகத் தெரியும் என்ற நிலை வந்ததும் அந்தத் தளர்ச்சி மறைந்துவிட்டது.

கூகுள் டாக்ஸ் மாதிரியான கருவிகளை நான் வகுப்புக்குள் கொண்டு வந்ததே இதற்காகத்தான். ஒரே கோப்பில் ஐந்து பேரும் எழுதலாம். வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால் யார், எந்த நாள், எந்த வரியைச் சேர்த்தார் என்பது ஆளுக்கொரு நிறத்தில் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஒரிஜினல் ஃபைனல்' என்று வேர்டு கோப்புகளை அனுப்பி, கடைசியில் ஜெராக்ஸ் கடையில் பழையதை பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்துவிட்டு அழுது நிற்கும் கொடுமை இதனால் ஒழிந்தது. ஆனால் கோப்பை டவுன்லோட் செய்து வேர்டில் திருத்தித் திரும்ப ஏற்றினாலோ, 'மேக் எ காப்பி' கொடுத்துப் புதுக் கோப்பில் தொடர்ந்தாலோ பழைய வெர்ஷன் ஹிஸ்டரி அதோடு சேர்ந்து வராது. அதனால் தலைப்பு முடிவான அன்றே கோப்பைத் திறக்கச் சொல்கிறேன். கடைசி வாரத்தில் ஒட்டப்பட்ட நாற்பது பக்கம், ஒட்டியவர் பெயரில்தான் நிற்கும்.

கோப்பு யார் கணக்கில் இருக்கிறது என்பதை ஆரம்பத்தில் நானும் கவனிக்கவில்லை. ஒரு குழுவில் டீம் லீடர் தன் சொந்த ஜிமெயிலில் எல்லாவற்றையும் வைத்திருந்தார். சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது நண்பர்களுக்குள் சண்டை; ஒரு பையனின் அனுமதியை எடுத்துவிட்டார். அந்தப் பையனால் தான் எழுதிய பக்கத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. இப்போது கல்லூரிக் கணக்கின் ஷேர்டு டிரைவில்தான் ஆரம்பிக்கிறோம். அதில் கோப்பு தனி ஆளுக்குச் சொந்தமில்லை, நிறுவனத்துக்குச் சொந்தம். பாதியில் ஒருவர் விலகினாலும் வேலை அங்கேயே இருக்கும். மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: படிப்பு முடிந்ததும் கல்லூரி மின்னஞ்சல் கணக்கு மூடப்படலாம். உங்களுக்கு வேண்டியதைக் கடைசித் தேர்வுக்கு முன்பே சொந்தக் கணக்குக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

லிங்க் விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. எங்கள் மாணவர்கள் பெரும்பாலும் கடைவீதியில் சர்வே எடுப்பவர்கள். ஒரு குழு மளிகைக் கடைக்காரர்களிடம் யுபிஐ பற்றிக் கேட்டது. படிவத்தில் கடைக்காரரின் பெயர், கைபேசி எண், மாத வருமானம் எல்லாம் இருந்தன. பதில்கள் சேர்ந்த ஷீட்டை 'லிங்க் உள்ள எவரும்' என்று திறந்துவிட்டு, அந்த லிங்கை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அறுபது பேர் கையில் அந்த எண்கள். அங்கிருந்து எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? நம்மை நம்பி, வியாபார நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கிப் பதில் சொன்ன மனிதர்கள் அவர்கள். இந்த சர்வேக்குக் கைபேசி எண் தேவையா என்ற கேள்வியை இப்போது படிவம் தயாராகும்போதே கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் தேவையே இல்லை. ஷீட்டில் ஐந்து பேரின் மின்னஞ்சலையும் தனித்தனியாகச் சேர்த்து, அவர்களுக்கு மட்டும் எடிட்டர் அனுமதி கொடுக்கிறோம். எனக்கு கமென்டர் அனுமதி, அதாவது கருத்து மட்டும் எழுதும் அனுமதி, போதாது, ஏனென்றால் திருத்தும் அனுமதி உள்ளவருக்குத்தான் வெர்ஷன் ஹிஸ்டரி தெரியும். அதனால் நானும் எடிட்டராகச் சேர்கிறேன், ஆனால் மாணவர்களின் வரிகளில் கை வைப்பதில்லை. சொல்ல வேண்டியதை ஓரத்தில் கமென்டாக எழுதுகிறேன்.

தமிழில் கேள்வித்தாள் தயாரிக்கும் குழுக்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்ததை டாக்ஸில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். முதலில் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கைபேசியிலேயே தமிழில் அடித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அப்புறம், நான் செய்த தவறு. வெர்ஷன் ஹிஸ்டரி கையில் கிடைத்த புதிதில் அதை அப்படியே நம்பினேன். ஒரு குழுவில் ஒரு மாணவியின் நிறம் மொத்தக் கோப்பிலும் நாலைந்து வரிகளில்தான் இருந்தது. அவளைக் கூப்பிட்டுக் கேட்காமலே இன்டர்னல் மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டேன். மூன்று நாள் கழித்து ஒரு லாங் சைஸ் நோட்டோடு வந்தாள். விடுதியில் மாலை ஒரு மணி நேரம்தான் போன் கையில் கிடைக்குமாம். அதனால் இரண்டாவது அத்தியாயம் முழுவதையும் நோட்டில் எழுதி, வீட்டிலிருந்து வரும் தோழியிடம் கொடுத்திருக்கிறாள். தோழி டைப் செய்திருக்கிறாள். பதினெட்டுப் பக்கம், அடித்தல் திருத்தலோடு, அவள் கையெழுத்தில். "நான் எதுவுமே செய்யலைன்னு நினைச்சீங்களா மேம்?" என்று கேட்டாள். மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். அந்த மூன்று நாளை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை.

யார் விரல் கீபோர்டில் இருந்தது என்பதைத்தான் அந்த வரலாறு காட்டுகிறது. யார் யோசித்தார், வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கியது யார், மேற்கோள்களைச் சரிபார்த்தவர் யார் என்பதெல்லாம் அதில் பதியாது. ஒரு நிறம் குறைவாக இருந்தால் அந்த மாணவரை உட்கார வைத்து, "நீ பார்த்த பகுதியைச் சொல்லு" என்று கேட்க வேண்டும். செய்தவர்கள் தடுமாறினாலும் சொல்லிவிடுவார்கள்.

இப்போது ஒவ்வொரு குழுவின் கோப்பிலும் முதல் பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து பேரும் அந்த வாரம் செய்ததைத் தங்கள் வார்த்தையில் இரண்டு வரி எழுத வேண்டும். சர்வேக்குப் போனவர் போன தெருவை எழுதலாம். நோட்டில் எழுதியவர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஒட்டலாம். விடுதி மாணவிகளுக்காக, மதிய இடைவேளையில் துறையின் கணினி ஒன்றைத் திறந்து வைக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை அங்கே மூன்று பேர் ஒரே திரை முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கோப்பில் ஒருத்தியின் நிறம் மட்டும்தான் ஏறிக்கொண்டிருந்தது. அட்டவணையில் மூன்று பெயரும் இருந்தன.