இலக்கும் குறியும்: ‘டார்கெட்’ என்னும் சொல்

மட்டக்களப்பில் வீட்டு மதிலில் இருப்பதும் இலக்கம், வாகனத் தகட்டில் இருப்பதும் இலக்கம், தொலைபேசிக்கும் இலக்கம். தமிழகத்தில் எண் என்பதை நாங்கள் இலக்கம் என்கிறோம். அச்சொல்லுக்கு எய்பவன் பார்க்கும் குறி என்ற பொருளும் உண்டு. ‘லக்ஷ’ என்ற வடசொல்லிலும் அடையாளம், நூறாயிரம் என்ற இரண்டு பொருளும் சேர்ந்தே இருக்கின்றன. இலக்கு இந்தக் குடும்பத்துச் சொல்தான். குறி அப்படியல்ல, தனித்தமிழ். போளை (கோலிக்குண்டு) அடிக்கிற பிள்ளைகள் இன்றும் “குறி வச்சு அடி” என்றுதான் சொல்வார்கள்.

ஆங்கில ‘டார்கெட்’ முதலில் கேடயத்தைக் குறித்தது. பழைய பிரெஞ்சில் ‘தார்ஜ்’ என்றால் கேடயம். அதன் சிறிய வடிவமே ‘டார்கெட்’. 18ஆம் நூற்றாண்டில்தான் வில்லாளர் பயிற்சிக்கு வைத்த வட்டக் குறிக்கு அந்தப் பெயர் வந்தது.

படைத்துறையில் ‘டார்கெட்டிங்’ என்பதைக் ‘குறிபார்த்தல்’ என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். குறிபார்ப்பது துப்பாக்கி பிடித்தவனின் வேலை. டார்கெட்டிங் திட்டமிடுவோரின் மேசையில் நடப்பது: எதை, எப்போது, எதைக்கொண்டு தாக்குவது, எதைத் தொடக்கூடாது என்று முடிவெடுப்பது. அமெரிக்கத் தரைப்படை இதை நான்கு வேலைகளாகப் பிரிக்கிறது: தீர்மானித்தல், கண்டறிதல், செயற்படுத்தல், விளைவை மதிப்பிடல். செயற்படுத்தல் என்றால் குண்டு போடுவது மட்டுமல்ல. எதிரியின் வானொலித் தொடர்பைக் குழப்புவதும் அதில் சேரும். ஆகவே ‘இலக்குத் தெரிவு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. முன்கூட்டியே பட்டியலிட்டவை முன்திட்ட இலக்குகள். சண்டை நடக்கும்போது திடீரென எதிர்ப்படுபவை உடனடி இலக்குகள். எதிரித் தளபதிக்கு இன்றியமையாதது ‘உயர்மதிப்பு இலக்கு’. எங்கள் செய்திகளில் இது ‘முக்கிய புள்ளி’ என்று ஆகிவிடுகிறது. ஆனால் அது ஆளாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, எரிபொருள் கிடங்காகவும் இருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் அதிகம் சறுக்கும் இடம் ‘மிலிட்டரி ஒப்ஜெக்டிவ்’. இராணுவ நோக்கம் என்று எழுதுகிறார்கள். போரில் பொதுமக்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான 1977ஆம் ஆண்டின் ஜெனீவா முதலாம் மேலதிக நெறிமுறை, 52ஆம் உறுப்புரையில், அந்தச் சொல்லால் தாக்கத்தக்க பொருளையே குறிக்கிறது. ஒரு பொருள் தன் இயல்பால், அமைவிடத்தால், பயன் நோக்கத்தால் அல்லது பயன்பாட்டால் படைநடவடிக்கைக்கு உண்மையாக உதவவேண்டும். அதை அழிப்பதால் அந்த வேளையில் திட்டமான படைத்துறை அனுகூலமும் கிடைக்கவேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது இலக்கு. எங்கள் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைப் போன்ற ஒன்றில் மக்கள் சந்தைக்குப் போய்வரும்வரை அது பாலம்தான். படையணி கடக்க அதுவே வழியானால் கேள்வி மாறும். அப்போதும் பொதுமக்களுக்கு வரும் இழப்பு கிடைக்கும் அனுகூலத்தை மிஞ்சக்கூடாது. வழிபாட்டிடம், வீடு, பாடசாலை பற்றி ஐயம் எழுந்தால், அவை படைத்தேவைக்குப் பயன்படவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இதனாலேயே, காவலில்லாமல் எளிதில் தாக்கக்கூடிய இடத்தைச் சொல்லும் ‘மென் இலக்கு’ (சொஃப்ட் டார்கெட்) என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. 2019 ஏப்ரல் 21இல் எங்கள் நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு அந்தச் சொல் அடிக்கடி காதில் விழுந்தது. ஈஸ்டர் ஆராதனைக்குப் பிள்ளைகள் வந்திருந்த இடம் அது. ‘மென்’ என்று அடைமொழி போட்டாலும், இலக்கு என்று சொன்னதுமே தாக்கியவனின் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். ‘காவலற்ற பொது இடம்’ என்று எழுதலாம். கொஞ்சம் நீளம்தான், எழுதுவோம்.