யு.டி.ஐ.டி. அட்டை: கையில் இருந்தால் மட்டும் போதாது

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவி எதற்குப் போனாலும் இப்போது முதலில் கேட்பது யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள) அட்டையைத்தான். ஆனால் எந்த உதவி கிடைக்கும் என்பதை முடிவு செய்பவை அதில் அச்சாகியிருக்கும் மூன்று விவரங்கள்: குறைபாட்டின் வகை, சதவீதம், செல்லுபடித் தேதி.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசு வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் என்ற இடஒதுக்கீடு, குறைபாடு 40 சதவீதமாவது இருப்பவர்களுக்கே. அட்டையின் நிறமும் அதைக் காட்டிவிடும். 40-க்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம்.

பலர் ஏமாறுவது இந்தச் சதவீதத்தில்தான். ஒரு கண்ணில் பார்வை முழுவதும் போய், மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் வரும். ஒரு காது மட்டும் கேட்காதவர் சட்டப்படி செவித்திறன் குறைந்தவர் ஆகமாட்டார். இரண்டு காதிலும் 60 டெசிபலாவது இழப்பு இருக்க வேண்டும். இரண்டு குறைபாடு உள்ளவருக்கு 40-ஐயும் 30-ஐயும் கூட்டி 70 என்று போடமாட்டார்கள். அதற்குத் தனிக் கணக்கு உண்டு, விடை 70-க்குக் குறைவாகவே வரும்.

அட்டைக்கான விண்ணப்பம் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில். புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகை, ஆதார் வேண்டும். பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். இங்கே சின்ன வித்தியாசம் வந்தாலும் பிறகு வங்கிக் கணக்கு வரை இழுபறிதான். மருத்துவமனையைத் தேர்வு செய்யும்போது, அங்கே உரிய சிறப்பு மருத்துவரும் பரிசோதனை வசதியும் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பழைய சிகிச்சைச் சீட்டுகளை அசலாகவே கொண்டுபோவது நல்லது.

2024 அக்டோபர் திருத்த விதிகளின்படி சான்றிதழ் தரும் காலக்கெடு ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாகிவிட்டது. முடிவாகாமல் இரண்டு ஆண்டைத் தாண்டிய விண்ணப்பம் காலாவதியாகும். ஆகவே விண்ணப்ப எண்ணை வைத்து அவ்வப்போது நிலையைப் பாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் மேல்முறையீட்டில் எதை எதிர்த்து வாதாடுவது? கேட்டு வாங்கிவிடுங்கள்.

குறைபாட்டின் அளவு மாறக்கூடும் என்றால் தற்காலிகச் சான்றிதழ்தான் கிடைக்கும். அதன் தேதி முடியும் முன்பே மறுமதிப்பீட்டுக்குப் போகாவிட்டால், வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றுபோகலாம்.

அட்டை வந்துவிட்டதால் எதுவும் தானாக வந்து சேராது. தமிழ்நாட்டில் மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வருவாய்த் துறையின் ஓய்வூதியம் வேறு, இது வேறு. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. இதே நான்கு வகையினருக்கு 18 வயது நிறைந்துவிட்டால், பெற்றோரே ஆனாலும் சட்டப்படி காப்பாளர் ஆக ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும்.