24 லட்சம் ஓடியது, நின்றது எவ்வளவு?

“அக்கா, என் அக்கவுண்ட்டுல போன வருஷம் 24 லட்சம் ஓடியிருக்குதுங்க. ஆனா கையில 2,400 கூட நிக்கல. நான் வரி கட்டோணுங்களா?”

சித்திரை வெயிலில் அம்மாப்பேட்டையிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய தம்பி, உட்காருவதற்கு முன்பே கேட்ட கேள்வி இது. ஐடிஐ முடித்து, ஆறு வருடம் ஒரு சீனியரிடம் கையாளாக இருந்து, 2025 ஏப்ரலில் தனியாக ஒயரிங் வேலை எடுக்க ஆரம்பித்தவர். சேலத்தில் வரி ஆலோசகராக இருக்கிற எனக்கு இந்த மாதிரி தம்பிகள் மாதம் இரண்டு மூன்று பேர் வருவார்கள். பிளம்பர், பெயின்டர், ஏசி மெக்கானிக், டைல்ஸ் ஒட்டுபவர் என்று தொழில்தான் மாறும், கேள்வி ஒன்றுதான். இவருடைய எண்களை லேசாக மாற்றி இங்கே எழுதுகிறேன்.

அவரைக் கிளப்பி விட்டது பயம். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யூபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகளில் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதித் தொங்கவிட்டார்கள். அந்தச் செய்தி வாட்ஸப் வழியாகச் சேலம் வந்து சேரும்போது, ‘போனில் 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி’ என்று சுருங்கிவிட்டது. தம்பியும் கியூஆரை எடுத்துவிடலாமா என்ற யோசனையில்தான் வந்திருந்தார்.

எடுக்க வேண்டாம் என்றேன். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு எல்லை 20 லட்சம் என்பது உண்மை. ஆனால் அந்த 20 லட்சம் உங்கள் விற்றுமுதல், அதாவது ஒரு வருடத்தில் நீங்கள் செய்த வேலைக்கும் விற்ற சாமானுக்கும் வந்த மொத்தம். வங்கியில் வந்து விழுந்த மொத்தத்தை அப்படியே விற்றுமுதல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று காட்டுவதற்குத்தான் கணக்கு.

ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கவிழ்த்தார். எலெக்ட்ரிக்கல் கடை எஸ்டிமேட் சீட்டுகள், பெட்ரோல் பங்க் ரசீதுகள், நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள். தாள்களின் பின்பக்கம் பென்சிலில் ‘பாயிண்ட் 64’, ‘டிபி பாக்ஸ் பாக்கி’, ‘வீட்டம்மா 10 தந்தது’. பத்து என்றால் பத்தாயிரமா, பத்து நூறா? அவருக்கே நினைவில்லை. பங்க் ரசீதுகளில் பாதி வெளுத்து வெள்ளைத் தாளாகி இருந்தன. அந்தத் தாள் சூட்டில் அச்சாகிறது, சேலம் வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால் சில மாதம்கூடத் தாங்காது. வாங்கிய அன்றே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாலை உட்கார்ந்து பிரித்தோம். போனில் வந்தது, கையில் வாங்கிய கொஞ்சம் ரொக்கம், எல்லாம் சேர்த்து 24,30,000. அதில் அம்மாவின் மகளிர் குழுக் கடனும் சீட்டு எடுத்த பணமும் 90,000. அது வருமானமே இல்லை, அதே கணக்கில் விழுந்ததால் வந்த குழப்பம். மீதி 23,40,000. அதில் ஒயர், பைப், ஸ்விட்ச், ஃபேன் வாங்க வீட்டுக்காரர்கள் கொடுத்தது 15,10,000. கூலியாக வந்தது 8,30,000. ஆக, தம்பி பயந்த 24 லட்சத்தில் அவர் உழைப்புக்கு வந்தது மூன்றில் ஒரு பங்குதான்.

இந்தச் சாமான் பணம்தான் எங்கள் ஊர்த் தொழிலாளிகளை மாட்டிவிடுகிறது. வழக்கம் என்ன? வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன் போனுக்கு 80,000 அனுப்புவார், இவர் கடையில் கட்டிவிட்டுச் சாமானை ஆட்டோவில் ஏற்றுவார். பில் இவர் பெயரில் இருக்கும், அல்லது பெயரே இல்லாமல் எஸ்டிமேட்டாக இருக்கும். அப்படி இருந்தால், சாமானை வாங்கி விற்றவர் நீங்கள் என்றுதான் பார்க்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பில் வீட்டுக்காரர் பெயரில் இருந்து, அவர் சொல்லித்தான் வாங்கினீர்கள் என்பது தெரிந்து, ஒரு ரூபாய்கூட மேலே வைக்காமல், உங்கள் கூலி பில்லில் அதைத் தனியாகக் காட்டினால், அந்தத் தொகையை உங்கள் விற்றுமுதலில் சேர்க்காமல் விட ஜிஎஸ்டி விதி இடம் தருகிறது. அதைவிடச் சுலபமான வழி, வீட்டுக்காரரே கடைக்கு நேராகப் பணம் போட்டுவிடுவது. உங்கள் கணக்குக்கு அது வரவே வேண்டாம்.

ஆனால் ‘சாமானோடு சேர்த்து ஒரு பாயிண்ட்டுக்கு இவ்வளவு’ என்று கான்ட்ராக்ட் பேசினால் கதை வேறு. முழுத் தொகையும் உங்கள் விற்றுமுதல்தான். அப்படிப் பேசுகிறவர்கள் 20 லட்சத்தைத் தாண்டும் மாதத்தை முன்கூட்டியே கவனித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், சாமான் வாங்கியதற்குக் கடைக்காரர் உங்களுக்குத் தரும் கமிஷன். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள், ஏனென்றால் எல்லாரும் வாங்குகிறார்கள். ஒயர் பாக்கெட்டுக்குள் இருக்கும் கூப்பனை ஸ்கேன் செய்து சேரும் பணமும் அதே ரகம். இரண்டும் வருமானமே, நோட்டில் ஏற வேண்டும்.

தம்பியின் 15,10,000-இல் வீட்டுக்காரர் பெயரில் பில் இருந்தது 12,20,000-க்கு. கடை கடையாகப் போய் நகல் வாங்கி வந்தார். மீதி 2,90,000 அவர் பெயரில் இருந்ததால் அதையும் கூலியோடு சேர்த்து விற்றுமுதல் 11,20,000 என்று எடுத்தோம். 20 லட்சத்துக்குக் கிட்டக்கூட வரவில்லை.

இனி வருமான வரி. இங்கே ஊருக்கே ஒரு சூத்திரம் தெரியும்: ‘எட்டு சதவீதம் காட்டினால் போதும்.’ 44ஏடி பிரிவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது, பிரிவு எண்கள் மாறுகின்றன. அதற்கு முந்தைய வருடக் கணக்குக்குப் பழைய எண்தான். சிறு தொழில் செய்கிறவர் விற்றுமுதலில் ரொக்கத்துக்கு 8 சதவீதமும், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதமும் லாபமாகக் காட்டி, விரிவான கணக்குப் புத்தகம் இல்லாமல் ஐடிஆர்-4 படிவத்தில் தாக்கல் செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த 8-ம் 6-ம் குறைந்தபட்சம். உண்மையில் அதிகம் சம்பாதித்திருந்தால் அந்த அதிகத்தைக் காட்ட வேண்டும். மளிகைக் கடைக்கு ஆறு சதவீதம் பொருந்தலாம். கூலி வேலையில் வருவதில் பாதிக்கு மேல் லாபம்தானே?

தம்பிக்கு, அவர் பெயரில் வாங்கிய சாமான் 2,90,000, கையாள் சம்பளம் 2,60,000, பெட்ரோல், டிரில் பிட், வண்டிச் செலவு 70,000 போக நின்றது 5,00,000. சூத்திரப்படி காட்டினால் முக்கால் லட்சத்தைச் சுற்றி வரும்.

“அஞ்சு லட்சம் காட்டினா எவ்வளவு வரிங்க்கா?”

பூஜ்யம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையான வருடத்துக்குப் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரி இல்லை. முக்கால் லட்சம் என்றாலும் பூஜ்யம், ஐந்து லட்சம் என்றாலும் பூஜ்யம். பொய் சொல்லி மிச்சமாவது எதுவும் இல்லை. அதே நேரம், நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி கேட்பது இந்த ரிட்டர்ன்களைத்தான். வருடம் முக்கால் லட்சம் சம்பாதிப்பவருக்கு யார் கடன் கொடுப்பார்கள்? போன வருடம் ஒரு பெயின்டருக்கு இதுதான் நடந்தது. மூன்று வருட ரிட்டர்னும் கையில் இருந்தது, மூன்றிலும் சூத்திர லாபம். மேனேஜர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மூன்றையும் போட்டுக் கொடுத்தது நான்தான். முதல் வருடமே அவரிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

இன்னொன்று, வரி பூஜ்யம் என்பதால் ரிட்டர்ன் வேண்டாம் என்று ஆகிவிடாது. அந்த வருடத்துக்கு வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் கட்டாயம். கெடு தாண்டினால் 5 லட்சம் வரை 1,000, அதற்கு மேல் 5,000 தாமதக் கட்டணம். வரியே இல்லாதவர் அபராதம் கட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தாக்கல் செய்ததில் தம்பிக்கு 1,800 ரூபாய் திரும்பி வர வேண்டியிருந்தது. மே மாத சீசனுக்கு முன்னால் ஏற்காட்டில் ஒரு கம்பெனி நடத்தும் விடுதிக்கு வேலை செய்து 1,80,000 கூலி வாங்கியிருந்தார். அவர்கள் ஒரு சதவீதம் டிடிஎஸ், அதாவது வரிக்கென்று முன்கூட்டியே, பிடித்துவிட்டுக் கொடுத்தது அவருக்குத் தெரியாது, ‘ரவுண்டாக்கிட்டாங்க’ என்று நினைத்திருக்கிறார். கம்பெனிகள் ஒரு பில்லுக்கு 30,000-க்கு மேல் அல்லது வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தால் இப்படிப் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம், அதாவது இதே வேலைக்கு 36,000. மலை ஏறும்போது பான் நகலும் வண்டியில் இருக்கட்டும்.

ரொக்கத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும். ஒரே வேலைக்கு ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, தவணையாகக் கொடுத்தாலும்தான். வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். அதேபோல், வேலை வருமுன்னே யாரோ சொன்னார்கள் என்று ஜிஎஸ்டி எண் எடுத்து வைக்காதீர்கள். எடுத்த பிறகு ஒரு ரூபாய் வேலை இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும், தவறினால் நாளுக்கு 20 ரூபாய் ஏறும். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இலவசம், அதற்கு யாரும் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மாநகராட்சி தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை, அது தனி.

தம்பி இப்போது தொழிலுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கும் லாங் சைஸ் நோட்டும் வைத்திருக்கிறார். ஜூன் மாதப் பக்கம் ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். ‘11.6 அழகாபுரம் வீடு, சாமானுக்கு 85,000, போன். 12.6 கடை பில் வீட்டுக்காரர் பெயரில் 83,400, மீதி 1,600 திருப்பியாச்சு. 13.6 சனி, கையாள் ஆறு நாள் 4,800, கையெழுத்து.’ பக்கத்தில் கையாள் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே பேனாவில் அடிக்கோடிட்டு ஒரு வரி: ‘கடை கமிஷன் 900, அக்கா எழுதச் சொன்னது.’