ரிப்போர்ட் யார் போனுக்குப் போகிறது?

ஸ்கேன் சென்டர் கவுன்டரில் பெயரும் வயசும் கேட்டு முடித்ததும் அடுத்து வரும் கேள்வி, "போன் நம்பர் சொல்லுங்கம்மா". ஸ்கேன் எடுக்க வந்த பெண் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த அண்ணனோ கணவரோ மாமனாரோ தன் நம்பரைக் கடகடவென்று ஒப்பித்துவிடுவார், பில் போடுபவரும் வரிசை நீளமாக இருக்கிறதே என்று அதையே தட்டிக்கொள்வார். யாரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கர்ப்பப்பையிலும் சினைப்பையிலும் என்ன இருக்கிறது என்ற விவரம் முதலில் யார் கைக்குப் போகும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது, அவரை ஒரு வார்த்தை கேட்காமல்.

நான் ரேடியாலஜி டாக்டர், தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் ஸ்கேன் சென்டர் நடத்துகிறேன். நோயாளியின் தகவல் பாதுகாப்பு என்று கூட்டங்களில் பேச்செடுத்தால் உடனே ஹேக்கர், கம்ப்யூட்டரை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்று போய்விடுகிறார்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் தாக்கப்பட்டு, பதிவு முதல் லேப் ரிப்போர்ட் வரை நாட்கணக்கில் கையால் எழுத வேண்டி வந்ததே, அதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். பெரிய விஷயம்தான். எங்கள் ஊர் மாதிரி இடங்களில் அவ்வளவு சிரமப்பட்டு யாரும் எதையும் திருட வேண்டியதில்லை, நாமே பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவைக்கிறோம்.

கீழே வரும் நோயாளிகள் விஷயத்தில் ஆள் தெரியாதபடி விவரங்களைக் கலைத்துப் போட்டிருக்கிறேன். இந்த விஷயத்தை எழுதிக்கொண்டு அதைக்கூடச் செய்யாமல் விட்டால் நியாயமில்லை.

கல்யாணம் ஆகாத பெண், மாதவிடாய் சரியாக வரவில்லை என்று அடிவயிறு ஸ்கேனுக்கு வருகிறார். ஊரில் எல்லோரும் நீர்க்கட்டி என்று சொல்வதுதான். ரொம்ப சகஜம், வைத்தியமும் உண்டு. ரிப்போர்ட் அண்ணனின் வாட்ஸ்அப்புக்குப் போகிறது. அண்ணன் நல்ல மனசோடுதான், நர்ஸாக இருக்கும் சித்தி மகளுக்கு அனுப்பி "இது என்னன்னு பாரு" என்கிறார். அவர் தன் ஆஸ்பத்திரியில் யாரிடமோ காட்டுகிறார். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா என் எதிரில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க டாக்டரம்மா, குழந்தையே பிறக்காதாமே?" என்கிறார். நான் எழுதியது இரண்டே வரி, அதில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. அந்த இரண்டு வரி எத்தனை போன்களைத் தாண்டி, எந்தெந்த வாயில் என்னென்ன சேர்த்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது, திரும்ப வாங்கவும் முடியாது. காகித ரிப்போர்ட் காலத்திலும் வம்பு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அப்போது கவர் ஒன்றுதான் இருந்தது, அதுவும் பீரோவுக்குள் இருந்தது.

பில் மெசேஜ் இதைவிட மோசம். பணம் கட்டியதுமே, இன்னாருக்கு இன்ன டெஸ்ட், இவ்வளவு ரூபாய் என்று ஒரு எஸ்எம்எஸ் தட்டிவிடும் பில்லிங் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. பரிசோதனை நடக்கும் முன்பே அது போய்விடும். ஹெச்ஐவி என்ற எழுத்தைப் பார்த்தவர் ரிசல்ட் வரும்வரை காத்திருக்க மாட்டார், அப்போதே முடிவு கட்டிவிடுவார். கர்ப்ப ஸ்கேன் என்ற பெயரும் அப்படித்தான், யாருக்கு எடுத்தது என்பதைப் பொறுத்து அந்த ஒரு வரியே வீட்டில் பூகம்பம்.

இத்தனைக்கும் சட்டம் சும்மா இல்லை. 2017-ல் இயற்றி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த ஹெச்ஐவி எய்ட்ஸ் சட்டம், சம்மதம் இல்லாமல் ஒருவருடைய நிலையை வெளியில் சொல்லக் கூடாது என்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தம் 5ஏ என்ற பிரிவைச் சேர்த்தது, பெண்ணின் பெயரையோ விவரங்களையோ சட்டம் அனுமதிக்காத யாருக்காவது டாக்டர் வெளிப்படுத்தினால் ஓராண்டு வரை சிறை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: 18 வயது ஆகாத பெண், தானும் விரும்பிய உறவில் கர்ப்பமாகிக் கருக்கலைப்புக்கு வந்தால், போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் அவரும் அவருடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, போலீசிடமே சொல்ல வேண்டாத பெயரை ஒரு சாஃப்ட்வேர், டெஸ்ட் பெயரும் சேர்த்து, தாய்மாமன் நம்பருக்கு அனுப்பிவைக்கும். டாக்டர் வாயைக் கட்டியது சரி, இதன் வாயைக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை.

சில லேப்கள் ரிப்போர்ட்டை நேராக அனுப்பாமல் லிங்க் அனுப்புகின்றன. பாதுகாப்பாம். என்னுடைய தைராய்டு டெஸ்ட்டுக்கு ஒரு லேபிலிருந்து அப்படி ஒரு லிங்க் வந்தது, கடைசியில் பில் நம்பர் அப்படியே இருந்தது. ஒரு சந்தேகத்தில் கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் போட்டேன், எனக்கு அடுத்து பில் போட்டவரின் ரிப்போர்ட் திறந்தது. பெயரைப் பார்த்ததும் மூடிவிட்டு லேபுக்குப் போன் செய்தேன். "பாஸ்வேர்டு வெச்சிடறோம் மேடம்" என்றார்கள், சொன்னபடி வைக்கவும் செய்தார்கள்: பெயரின் முதல் நாலு எழுத்து, பிறந்த வருஷம். பெண்ணின் ஜாதகம் கையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்த பாஸ்வேர்டு தெரியும்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ படங்கள் வந்து விழுகின்றன. அவசரத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது தெரியும். பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு மூளை சிடியை மதுரையில் இருக்கும் நரம்பியல் டாக்டர் தன் போனிலேயே பார்த்து "போடுங்க" என்று சொல்வதால் ஒருவர் கைகால் விளங்கி வீட்டுக்குப் போகிறார். 2020 மார்ச் 25-ல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலிலும் வாட்ஸ்அப்புக்கு இடம் உண்டு. அங்கே படம் ஒருவருக்குப் போகிறது, ஒரு முடிவெடுக்கப் போகிறது. அபூர்வமான கேஸ் என்று இருநூறு பேர் குழுவில் போடுவது வேறு ரகம். ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து போனில் ஒரு கிளிக், மேல் மூலையில் பெயர், வயது, ஐடி, தேதி எல்லாம் பளிச்சென்று தெரியும். அடையாளம் தெரியும்படியான படங்களைச் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் அது மருத்துவ இதழ்களை மனதில் வைத்து எழுதியது, டாக்டர்கள் மட்டுமே இருக்கும் குழுவில் போடுவது எப்படி வெளியீடு ஆகும் என்று வாதம் செய்ய ஆட்கள் உண்டு. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் சமூக ஊடக நடத்தையையும் சேர்த்துப் புதிய விதிகளைக் கொண்டுவந்தது, அதே மாதம் 23-ம் தேதி நிறுத்தியும் வைத்தது.

பெயரை மறைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு: ஸ்கேன் மெஷினிலிருந்து வரும் டைகாம் ஃபைலில் படம் மட்டும் இருக்காது. பெயர், பிறந்த தேதி, ஆஸ்பத்திரி பெயர், படம் எடுத்த நேரம் எல்லாம் ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும். படத்தின் மேல் கறுப்புப் பூசினாலும் அவை அங்கேயே இருக்கும். படம் பார்க்கும் சாஃப்ட்வேர் பலவற்றில் அடையாளம் நீக்கும் வசதி இருக்கிறது, அரை நிமிஷ வேலை. அப்புறம், சின்ன ஊரில் பெயர் எதற்கு? 'இருபத்தெட்டு வயது, ஸ்கூல் டீச்சர், போன வாரம் நம்ம ஊரில் விபத்து' என்று படத்துக்குக் கீழே எழுதினால் குழுவில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். வந்த படம் டாக்டரின் போன் கேலரியில் தானாகச் சேமிப்பாகி, கூகுள் போட்டோஸுக்கும் ஏறி, ஞாயிற்றுக்கிழமை அந்த போனில் கேம் ஆடும் பிள்ளையின் கண்ணில் படுவது தனிக்கதை.

ஓடிபி விஷயம் ஒன்று. வங்கியும் போலீசும் ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்துகிறார்கள். ஆஸ்பத்திரி கவுன்டரில் "ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றால் நாம் மறுபேச்சில்லாமல் வாசித்துவிடுகிறோம். பெரும்பாலும் அது 'ஆபா' என்ற 14 இலக்க சுகாதார எண்ணை உருவாக்க. திட்டம் மோசமில்லை, பழைய ரிப்போர்ட்டைத் தொலைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் எடுக்க வருபவர்களை நிறையப் பார்க்கிறேன், அவர்களுக்குப் பயன்படும். ஆனால் ஆபா கட்டாயம் கிடையாது, விருப்பம் இருந்தால் மட்டும்தான். எதற்கு ஓடிபி என்று சொல்லாமல் வாங்கினால் அதை எப்படிச் சம்மதம் என்பது?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாத அவகாசம். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்பதால் பெரிய ஆஸ்பத்திரிகள் இப்போதே வக்கீல் வைத்திருக்கும். எங்களைப் போன்ற சின்ன சென்டர்களுக்கு யாராவது ஒரு சம்மதப் படிவத்தை அச்சடித்து விற்பார், நாங்களும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கட்டிவைப்போம், நம்பர் மட்டும் அதே மாமனார் நம்பராக இருக்கும் என்பதுதான் என் பயம்.

எங்கள் சென்டரில் செய்துபார்த்தவற்றைச் சொல்கிறேன். நம்பரை நோயாளியிடம் மட்டும் கேட்பது, கூட வந்தவர் முந்திக்கொண்டு சொன்னால் "அவங்களே சொல்லட்டும் சார், பெயர் மாறிடக் கூடாது பாருங்க" என்று பில் போடும் பெண் சிரித்தபடி சொல்லிவிடுவார். சொந்த போன் இல்லாதவர் நிறையப் பேர், அவர்களிடம் மெசேஜ் வேண்டுமா, கையில் கொடுத்தால் போதுமா என்று கேட்கிறோம். கூட்டத்தின் நடுவே கவுன்டரில் வைத்துக் கேட்டால் எந்தப் பெண்ணும் கணவர் முன்னால் "அவர் நம்பர் வேண்டாம்" என்று சொல்ல மாட்டார், அதனால் உள்ளே ஸ்கேன் அறையில் படுத்திருக்கும்போது சிஸ்டர் இன்னொரு தடவை கேட்பார். அங்கேதான் உண்மையான பதில் வரும். கண் தெரியாத பாட்டி "என் பேரனுக்கே அனுப்பிடும்மா, துபாயில இருக்கான்" என்றால் சந்தோஷமாக அனுப்பிவிடுவோம், அது அவர் முடிவு.

சண்டையும் வரும். "பணம் கட்டினது நான், எனக்கு அனுப்ப மாட்டீங்களா?" என்று ஒருவர் மருமகளின் ரிப்போர்ட்டுக்காக மேஜையைத் தட்டினார். பில் உங்களுக்கு, ரிப்போர்ட் அவங்களுக்கு என்றேன். வேறு சென்டருக்குப் போகிறோம் என்று கிளம்பினார், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நோயாளியாகப் போகிறவர்கள் செய்ய அதிகமில்லை, ஆனால் இருக்கிறது. உங்கள் நம்பரை நீங்களே சொல்லுங்கள். மெசேஜ் வேண்டாம், கையில் கொடுங்கள் என்று கேட்கலாம், யாரும் மறுக்க முடியாது. முன்பே வேறொருவர் நம்பர் பதிவாகியிருந்தால் அடுத்த தடவை போகும்போது மாற்றச் சொல்லுங்கள். பழைய பதிவைத் திறந்து அப்படியே பில் போடும் பழக்கத்தால், விவாகரத்தாகி வருஷங்கள் ஆன பிறகும் முன்னாள் கணவருக்கே ரிப்போர்ட் போன கதை உண்டு.

பில் எஸ்எம்எஸ்ஸில் டெஸ்ட் பெயர் வருவதை நிறுத்தச் சொல்லி எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியிடம் கேட்டபோது, "அந்த ஆப்ஷனே இல்ல மேடம்" என்றார்கள். விடாமல் கேட்டதும் ஒரு பையன் வந்தான். செட்டிங்ஸில் ஒரு டிக் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இப்போது 'உங்கள் பில் தயார்' என்று மட்டும் போகிறது. இதற்கு முன்னால் எந்த சென்டரிலும் இதைக் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு டீ குடித்துக் கிளம்பினான்.