பேய் வீட்டில் தம்பி சட்டை மட்டும் ஏன் ஒளிர்ந்தது?

சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள். ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, குடும்பத்தோடு பொருட்காட்சிக்குப் போயிருக்கிறார்கள். பேய் வீட்டில் குட்டி ரயில் பெட்டி இருட்டுக்குள் நுழைந்ததும், பள்ளி விட்டு அப்படியே வந்திருந்த தம்பியின் வெள்ளைச் சட்டை நீலம் கலந்த வெள்ளையாகத் தகதகவென்று ஒளிர்ந்திருக்கிறது. பக்கத்திலேயே தாத்தா. அவர் கட்டியிருந்த வெண்பட்டு வேட்டி இருட்டோடு இருட்டாகிவிட்டது. "பிள்ளை மேல காத்து கருப்பு அண்டிடுச்சு" என்று பாட்டி பயந்துபோய், மந்திரித்துக் கயிறு கட்ட ஆள் தேடுகிறாராம். "ரெண்டும் வெள்ளைதானே, ஒண்ணு மட்டும் ஏன்?" என்பது அவள் கேள்வி.

பேய் வீட்டின் மற்ற வித்தைகள் பலருக்கும் தெரிந்தவை. விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு, அசைவைத் துண்டு துண்டாக்கிக் காட்டும். எலும்புக்கூடு திடீரென்று எழுவது அழுத்தப்பட்ட காற்றால். கிளைகால் கலந்த நீரைச் சூடாக்கி ஊதினால் புகை; அதன் நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் விளக்கின் கதிர் தூண் போலத் தெரியும். ஏற்காடு மலைப்பாதையில் பனிமூட்டத்துக்குள் பேருந்தின் முகப்பு வெளிச்சம் தெரிவதும் இப்படித்தான்.

சட்டையின் கதை வேறு. கூரையோரம் மங்கிய ஊதா நிறத்தில் ஒரு குழல் விளக்கு இருந்திருக்கும். பிளாக் லைட் என்பார்கள். அதிலிருந்து வருவது பெரும்பாலும் 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். நம் கண்ணுக்கு ஏறக்குறைய 400-க்குக் கீழே எதுவும் தெரியாது. அறை முழுக்க ஒளி நிரம்பியிருக்கும், நமக்கோ கும்மிருட்டு.

அந்தக் கதிர் சட்டையில் பட்டால் என்ன ஆகிறது? அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மூலக்கூறில் இருக்கும் எலக்ட்ரானை அடிவாரத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புற ஊதாக் கதிர் அதை ஒரே தூக்கில் இருபதாவது வளைவுக்கு ஏற்றிவிடுகிறது. அங்கே அதற்கு இருப்புக் கொள்ளாது. சில வளைவுகள் சத்தமில்லாமல் சறுக்கி இறங்குகிறது. அந்த ஆற்றல் மூலக்கூறின் அதிர்வாக, வெப்பமாகப் போய்விடுகிறது. பிறகு, மிச்சமிருக்கும் உயரத்தை ஒரே குதியாகக் குதிக்கிறது. அந்தக் குதிதான் ஒளி! ஏறிய உயரத்தைவிடக் குதித்த உயரம் குறைவு. ஆற்றல் குறைந்தால் அலைநீளம் கூடும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போனது, கண்ணுக்குத் தெரியும் நிறமாக வெளியே வருகிறது. சறுக்கலும் குதியும் நொடியின் கோடியில் சில பங்குக்குள் முடிந்துவிடும். உடனொளிர்வு என்பது இதுதான்.

எத்தனை வளைவு சறுக்குகிறது என்பது பொருளுக்குப் பொருள் மாறும். துவைக்கும் பவுடரில் கலக்கும் வெண்மைச் சாயத்தில் எலக்ட்ரான் பதினேழாவது வளைவு வரைதான் இறங்கும்; அங்கிருந்து குதித்தால் நீலம். அந்தக் காலத்தில் வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டது, துணியின் மஞ்சளை விழுங்க. மஞ்சள் போகும், கூடவே மொத்த வெளிச்சமும் கொஞ்சம் குறையும். இந்தச் சாயமோ வெயிலில் இருக்கும் புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக்கி, துணியின் மேல் கூடுதலாகச் சேர்க்கிறது. தம்பி சட்டை ஒவ்வொரு சலவையிலும் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்கிறது. தாத்தாவின் வெண்பட்டை யாரும் பவுடரில் ஊறவைப்பதில்லை.

சமையலறையிலிருந்து மஞ்சள் தூளை எடுத்து மருந்துக்கடை ஸ்பிரிட்டில் கரைத்து, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தேன். பச்சை கலந்த மஞ்சளாக எரிந்தது. நம் மலைக்கணக்கில் அது ஏறத்தாழ பதிமூன்றாவது வளைவு. ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த காபி இலையை அம்மியில் நசுக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினேன். கண்ணாடி டம்ளரில் கரும்பச்சைச் சாறு. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததும், ஒளி பட்ட ஓரம் ரத்தச் சிவப்பாக மாறியது. பத்து முறையாவது அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்திருப்பேன். பச்சையத்தில் எலக்ட்ரான் பதினோராவது வளைவு வரை இறங்கிவிடுகிறது, அதனால் சிவப்பு. செடியில் இருக்கும் இலை இப்படி ஒளிராது. அங்கே வாங்கிய ஆற்றலில் பெரும்பங்கு மாவுச்சத்துச் செய்யவும் வெப்பமாகவும் போய்விடும். ஸ்பிரிட்டில் அந்த ஏற்பாடு அறுந்துவிடுவதால், பச்சையம் பெற்றதில் நல்ல பங்கை ஒளியாகக் கொட்டுகிறது.

மலேரியா மருந்தான கொய்னாவின் கரைசல் நீலமாக ஒளிர்வதை ஆராய்ந்து, 1852-இல் உடனொளிர்வுக்கு விளக்கம் தந்தவர் இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். 1930-களில் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்விட்சர் வேலையிடத்தில் விழுந்து தலையில் அடிபட்டு, பார்வை தேறும்வரை இருட்டறையில் இருக்க நேர்ந்தது. அவரும் தம்பி ஜோசப்பும் அப்பாவின் மருந்துக்கடையில் பிளாக் லைட் அடித்து, எவையெல்லாம் ஒளிர்கின்றன என்று தேடினார்கள். ஜோசப்புக்கு மேஜிக்கில் ஆசை. முதல் ஒளிர்சாயங்கள் மேஜிக் மேடைக்குத்தான் போயின. 1955-இல் திறந்த டிஸ்னிலேண்டின் இருட்டுச் சவாரிகள் கறுப்புச் சுவர், ஒளிர்சாயம், பிளாக் லைட் என்ற மூன்றையும் நம்பியே கட்டப்பட்டவை. சாயம் பூசியது மட்டும் மிதக்கும். தாங்கும் கம்பியும் கறுப்பு உடை ஆளும் காணாமல் போவார்கள்.

கயிறு கட்ட ஆள் தேடுவது தவறு என்றே சொல்வேன். பாட்டியின் பயம் பிள்ளை மேலுள்ள பாசத்தில் வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயத்தைக் காசாக்குகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அதைவிடப் பெரிய கோபம் நம் பள்ளி ஆய்வகங்களைப் பற்றியது. நான் படித்த பள்ளியில் முப்பட்டகம் இருந்த பீரோ பூட்டியே கிடந்தது, உடைந்துவிடுமாம். இந்த டார்ச் சில நூறு ரூபாய்தான். ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஒன்று வாங்கித் தர வேண்டும், அது பிள்ளைகள் கைக்கு வர வேண்டும், உடைந்தால் இன்னொன்று தர வேண்டும்.

உன் வீட்டுப் பக்கம் விசைத்தறிக்காரர் யாராவது இருப்பார், தங்கச்சி. வெளுக்காத காடாத் துணி ஒரு முழம் கேள். பாதியை மட்டும் பவுடர் தண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயப்போடு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சம் யார் கண்ணிலும் நேராகப் படாமல், அந்தத் துணியில் அடி. பாதித் துணி நீலமாக எழும்பி, தண்ணீர் ஏறி நின்ற இடத்தில் கோடு கிழித்தது போல நிற்கும். டார்ச்சைப் பாட்டி கையில் கொடு.