லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜர்: ஆர் எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

போன மாதம் என் மச்சான் தன் பழைய மின்ஸ்கூட்டரில் இருந்த நாலு லெட் ஆசிட் பேட்டரிகளையும் கழற்றிப் போட்டுவிட்டு 48 வோல்ட் லித்தியம் பேக் ஒன்றை மாட்டினான். மாட்டிக் கொடுத்த கடைக்காரர், "பழைய சார்ஜரும் 48தானே தம்பி, அதையே குத்திக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. சார்ஜர் முனையில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 58.9 வோல்ட். அவன் பேக்கில் வரிசையாக இருப்பது 13 செல், ஒரு செல்லின் உச்சம் 4.2, ஆக 54.6க்கு மேல் அது தாங்காது. பிஎம்எஸ் என்கிற காவல் சர்க்யூட் உள்ளே இருக்கிறது, எல்லை மீறினால் அது துண்டித்துவிடும், சரிதான். ஆனால் தினமும் ராத்திரி அதை மட்டும் நம்பிச் சார்ஜில் போடுவது, கதவைத் திறந்துபோட்டு நாயை நம்பி ஊருக்குப் போகிற கதை.

"ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்கினால் போதாதா?" என்று கேட்டான். நிறையப் பேருக்கு இருக்கும் குழப்பம்தான் இது. எலக்ட்ரானிக் சாமான்களுக்கு வேறு முறை. மத்திய மின்னணுவியல் அமைச்சகம் 2012ல் கட்டாயப் பதிவு ஆணை ஒன்றைக் கொண்டுவந்தது, 2021ல் அதற்குப் பதிலாகப் புதிய ஆணை வந்தது. லேப்டாப் அடாப்டர், பவர் பேங்க், மொபைல், கையடக்கக் கருவிகளுக்கான லித்தியம் செல், பேட்டரி எல்லாம் 2014 நவம்பர் அறிவிப்பில் பட்டியலில் சேர்ந்தவை. பட்டியலில் உள்ள பொருளைப் பதிவில்லாமல் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது, விற்பதற்காக இருப்பு வைப்பதும் கூடாது. பொருளின் மேல் தர எண்ணும், அதன் கீழே ஆர் என்ற எழுத்துக்குப் பின் எட்டு இலக்கமும் அச்சாகியிருக்கும். உதாரணமாக லித்தியம் பேட்டரியில் ஐஎஸ் 16046 என்று இருக்க வேண்டும்.

எண் இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். ஸ்டிக்கரில் எட்டு இலக்கம் அடிக்க யாருக்கும் தெரியும். இந்தப் பதிவைக் கொடுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் என்ற ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு, எந்த பிராண்டு, என்ன பொருள், பதிவு உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். கையில் இருப்பது சார்ஜர், ஆப் காட்டுவது எல்இடி விளக்கு என்றால் புரிந்துகொள்ளுங்கள். பதிவு ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனித்தனி என்பதால், பெரிய பிராண்டு பெயரை மட்டும் பார்த்துத் திருப்திப்படவும் முடியாது.

இத்தனையும் சரியாக இருந்தாலும் அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த மாடல் ஷாக் அடிக்காமல், அளவுக்கு மீறிச் சூடாகாமல், தீப்பிடிக்காமல் இருக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள். உங்கள் பேக்குக்குப் பொருந்துமா என்று அது சொல்லாது. அதோடு, தனியாக விற்கும் எஸ்எம்பிஎஸ்ஸைப் (கரண்ட்டைக் கருவிக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றித் தரும் பவர் சப்ளை) பொறுத்தவரை அந்தப் பட்டியல் 48 வோல்ட் வெளியீட்டோடு நின்றுவிடுகிறது, இந்த ஸ்கூட்டர் சார்ஜரோ 54.6 வரையாவது போகிறது.

ஸ்கூட்டருக்கு வேறு விதி, மின்வண்டி பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்தது நினைவிருக்கும். அந்த வருடம் நாட்டின் பல இடங்களில் வண்டிகள் எரிந்த பிறகு விதியை இறுக்கி, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். உச்ச வோல்ட் வந்ததும் சார்ஜர் தானே நிறுத்த வேண்டும், அடியோடு இறங்கிப்போன பேட்டரியை அடையாளம் கண்டு மெதுவாகத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வருகிறது. ஆனால் இது வண்டி விற்கும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் விதி. கடையில் தனியாக வாங்கும் சார்ஜரை உங்கள் வண்டியோடு சேர்த்து யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அப்படியானால் நாமேதான் பார்க்க வேண்டும். பேக் லேபிளில் பெரிதாக இருக்கும் 48ஐ விட்டுவிடுங்கள், அது சராசரி. சார்ஜ் உச்ச வோல்ட் என்ன என்று தேடுங்கள். இல்லையென்றால் செல் வகையையும் வரிசையில் எத்தனை செல் என்பதையும் விற்றவரிடம் எழுதி வாங்குங்கள். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை) செல்லுக்கு 4.2, எல்எஃப்பி (இரும்பு பாஸ்பேட் வகை) செல்லுக்கு 3.65, எண்ணிக்கையால் பெருக்க வேண்டியதுதான். 13 செல் என்எம்சி 54.6, 16 செல் எல்எஃப்பி 58.4. இரண்டையும் கடையில் 48 என்றுதான் விற்கிறார்கள், வினையே இங்குதான். எல்எஃப்பி பேக்குக்கு 54.6 போட்டால் ஆபத்தில்லை, பேட்டரி நிறையாது, அவ்வளவுதான். மாறாக, 13 செல் என்எம்சி பேக்குக்கு 58.4 போட்டால் செல்லுக்குக் கிட்டத்தட்ட 4.5 ஏறும். லெட் ஆசிட் சார்ஜர் இன்னொரு வகையிலும் தொல்லை: நிறைந்த பிறகும் சிறு கரண்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், லித்தியத்துக்கு அது ஆகாது.

ஆம்பியரில் அவ்வளவு தலைவலி இல்லை, பேக் அனுமதிக்கும் அளவுக்குள் இருந்தால் சரி. 24 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேக்குக்கு 5 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஐந்தரை மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குகிறவருக்கு 10 ஆம்பியர் எதற்கு? அப்புறம் சார்ஜர் வயரின் செருகும் பின்னைப் பாருங்கள். ஒரே மாதிரி பின்னில் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறி வருவதும் உண்டு, முதல் முறை செருகும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

புதிதாக வண்டி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. சார்ஜரைத் தனி பில்லில் போட்டு விற்ற சில நிறுவனங்கள், மின்வண்டிகளுக்கு மானியம் தந்த மத்திய அரசின் ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்ட விதி தொடர்பாகக் கேள்வி எழுந்ததும், 2023ல் அந்தப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. அதனால் விலைக்குள் சார்ஜர் அடக்கமா என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பில் இல்லாமல் எதுவும் நகராது. போலி எண் என்றால் அதே பிஐஎஸ் கேர் ஆப்பில் புகார் போடலாம். கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை வந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மச்சானுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை, மீட்டரில் தெரிந்த 58.9ஐப் படம் பிடித்துக் காட்டியதும் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே 54.6 சார்ஜரை எடுத்துக் கொடுத்தார்.