ஒளி பட்டதும் அடைபடும் இரத்தக்குழாய்கள்

விழித்திரையின் மையப்பகுதியான மேக்குலா முதுமையில் சிதையும் நோயின் ஈரவகையில், விழித்திரைக்கு அடியிலுள்ள கோராய்டு படலத்திலிருந்து புதிய இரத்தக்குழாய்கள் முளைத்து, நீரையும் இரத்தத்தையும் கசியவிட்டு, எழுத்தையும் முகத்தையும் காணும் நடுப்பார்வையைக் கெடுக்கின்றன. வெப்ப லேசரால் அவற்றைப் பொசுக்கலாம். ஆனால் மேலே படர்ந்திருக்கும் விழித்திரையும் சேர்ந்து கருகிவிடும் என்பதால், பார்வையின் மையத்தில் அதைச் செய்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போலாகும்.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வெர்டிபோர்பின் என்னும் மருந்து வேறு வழியில் செயல்படுகிறது. குருதிக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமுக்கும் இலையின் பச்சையத்துக்கும் உறவான இந்த மூலக்கூறு, கையின் சிரையில் 10 நிமிடம் சொட்டுச்சொட்டாக ஏற்றப்பட்டதும், கொழுப்பைச் சுமக்கும் எல்.டி.எல் துகள்களில் ஏறிப் பயணிக்கிறது. வேகமாகப் பெருகும் புதுக்குழாய்களின் உட்சுவர் செல்கள் அத்துகள்களை மிகுதியாக உள்ளிழுப்பதால், மருந்தும் அங்கே கூடுதலாகச் சேர்கிறது. மருந்து ஏற்றத் தொடங்கிய 15ஆவது நிமிடத்தில், 689 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளி 83 விநாடிகள் பாய்ச்சப்படுகிறது. திசுவைச் சுடும் வலிமை அந்த ஒளிக்குக் கிடையாது. ஒளியின் ஆற்றலை மருந்து வாங்கி, அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றி, அதை மிகுந்த வினைத்திறன் கொண்ட ஒற்றைநிலை ஆக்சிஜனாக மாற்றுகிறது. ஆயுள் மிகக் குறுகிய இந்த ஆக்சிஜன், பிறந்த இடத்திலேயே உட்சுவரைச் சிதைக்கிறது. சிதைந்த சுவரில் தட்டணுக்கள் திரண்டு உறைகட்டியாகி, குழாய் அடைபடுகிறது.

மருந்து தோலிலும் இருப்பதால், நோயாளி 5 நாட்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் களிம்பு இங்கே உதவாது. மருந்தைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரியும் ஒளியே.

இருப்பினும் புதுக்குழாய்களைத் தேர்ந்து தாக்கும் இந்தத் திறன் முழுமையானதன்று. அருகிலுள்ள இயல்பான கோராய்டு நுண்குழாய்களிலும் ஓட்டம் குறைகிறது; ஆக்சிஜன் போதாத திசு விஇஜிஎஃப் என்னும் வளர்ச்சிப் புரதத்தைச் சுரந்து, ஒழிக்க நினைத்த குழாய்களையே மீண்டும் வரவழைக்கிறது. பலருக்கு மறுசிகிச்சை தேவைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புரதத்தையே முடக்கும் ரானிபிஸுமாப் ஊசி 2006இல் வந்ததும், ஈரவகைச் சிதைவில் ஒளிச் சிகிச்சை பின்னுக்குப் போனது.

இயல்பான குழாய்களிலும் ஓட்டம் குறையும், குறையாகக் கருதப்பட்ட அந்தப் பக்கவிளைவுதான் இன்று வேறொரு நோய்க்குப் பயன்படுகிறது என்பது எனக்கு வியப்பூட்டுகிறது. சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதியில் புதுக்குழாய்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. கோராய்டின் சொந்தக் குழாய்களே விரிந்து கசிந்து, விழித்திரைக்கு அடியில் நீர் தேங்குகிறது. அங்கே, உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 6 மில்லிகிராம் என்னும் முழு அளவுக்குப் பதிலாக 3 மில்லிகிராம் மட்டும் கொடுத்து ஒளி பாய்ச்சும்போது, குழாய்கள் அடைபட்டு அழியாமல், கசிவு நிற்குமளவுக்குச் சுருங்குகின்றன.